நனையாத தோல்

அவர் எதையும் கேட்டதில்லை. வருவார், உட்காருவார். அவ்வளவுதான்.

சனிக்கிழமை நான்கு மணிக்கு எங்கள் கேட்டின் கொக்கி ஒருமுறை சத்தம் போடும். காலிங்பெல்லை அமுக்கமாட்டார். செருப்பை வெளியே சுவரோரமாக, முனை தெருவைப் பார்க்கும்படி கழற்றி வைப்பார். முன்னறையில் கதவுக்குப் பக்கத்தில் கிடக்கும் பிளாஸ்டிக் நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கைகளையும் முழங்கால்மேல் கவிழ்த்து வைத்துக்கொள்வார். ஹார்பரில் முப்பது வருடம் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டிய கைகள். விரல் கணுக்கள் கொட்டைப்பாக்கு மாதிரி இருக்கும். "சுகமா இருக்கியளாம்மா?" என்பார். "இருக்கோம் அண்ணாச்சி" என்பேன். அதற்குப் பிறகு அவர் கண் மெதுவாக அலமாரியின் தலைக்கு ஏறும். அங்கேதான் என் மாமனாரின் டிரம் இருந்தது.

ஒரு முழங்கூட உயரமில்லாத சின்ன டிரம். பாண்ட் வாசிக்கிறவர்கள் சைடு டிரம் என்பார்கள், அண்ணாச்சி ஸ்னேர் என்பார். அடித்தோலுக்குக் கீழே மெல்லிய கம்பிச் சுருள்கள் ஓடும். குச்சி பட்டதும் அவை சேர்ந்து சீறும். உடம்பைச் சுற்றி ஒட்டியிருக்கும் தகடு முத்துச் சிப்பியின் உள்பக்கம்போல மினுங்கும். ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்திருக்க வேண்டும். எங்களிடம் வந்தபோதே பழுப்பேறி, பால் திரிந்த நிறமாகியிருந்தது. மேல்தோல் இப்போதைய பிளாஸ்டிக் இல்லை, கன்றுத்தோல்.

பழைய டிரம் செட்டுகளைத் தேடிப் பிடித்து, பழுது பார்த்து, வாசித்து, போர்த்தி வைப்பதுதான் அண்ணாச்சியுடைய வாழ்க்கை. கொழும்பிலிருந்து தோணியில் வெங்காய மூட்டைகளோடு வந்த செட் ஒன்று அவரிடம் இருந்தது. வெளிநாட்டுக் கப்பல்காரர்கள் துறைமுகத்தில் தூக்கிப் போட்டுவிட்டுப் போனது ஒன்று. நாசரேத்தில் ஒரு பள்ளிக்கூட ஸ்டோரில் பெஞ்சுகளுக்கு அடியிலிருந்து எடுத்தது ஒன்று. அந்த மூன்றும் முழுசு. நான்காவதுதான் முழுசாகவில்லை. அதன் மிச்சம் எங்கள் அலமாரியின் தலையில் இருந்தது.

என் மாமனார் இளவயதில் நான்கு நண்பர்களோடு கல்யாண வீடுகளுக்கு வாசிக்கிற பாண்ட் ஒன்று வைத்திருந்தார். செட் எல்லோருக்கும் பொது. பாண்ட் கலைந்தபோது யாருக்கு அது என்று சண்டை வந்திருக்கிறது. கடைசியில் கடற்கரை வழக்கப்படியே தீர்த்துக்கொண்டார்கள். முத்துக்குளிக்கும் சலாபத்தில் அள்ளிய சிப்பியைக் கூறு வைத்துப் பிரிப்பதுபோல டிரம்களைத் தரையில் தனித்தனியாக வைத்தார்கள். ஒருவர் முதுகைக் காட்டி நின்று பெயர்களைச் சொல்ல, இன்னொருவர் ஒவ்வொன்றாகத் தொட்டார். காலால் மிதித்து அடிக்கும் பேஸ் டிரம் மணப்பாட்டுக்குப் போனது. தரையில் நிற்கிற பெரிய டாம் டிரம் காயல்பட்டினத்துக்கு. சிம்பல் எனும் தாளத்தட்டுகள் நாசரேத்துக்கு. சின்ன டாம் பழையகாயலுக்கு. ஸ்னேர் எங்கள் வீட்டுக்கு. அதற்குப் பிறகு அந்த ஐந்து பேரும் சேர்ந்து வாசிக்கவே இல்லை.

மணப்பாட்டுப் பேஸ் டிரம் அண்ணாச்சியிடம் வந்த கதையை அவரே எனக்குச் சொன்னார்.

"ஒரு பக்கத் தோலைக் கழத்திட்டு அந்த வீட்டுக் கெழவி அதுல கருவாடு போட்டு வச்சிருந்திச்சும்மா. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் போவேன். உக்காருவேன். மீன் கொழம்பு நல்லா வைக்கும். ரெண்டு வருசம் சாப்பிட்டேன். கெழவி அடக்கம் முடிஞ்சு வந்ததும் மூத்த மகன் தானா தூக்கிக் குடுத்தான். இப்பவும் ஓங்கி ஒரு மிதி மிதிச்சா கருவாட்டு வாசம் வரும்."

"கேட்டிருந்தா முன்னமே குடுத்திருப்பாங்கல்லா அண்ணாச்சி?"

"கேட்டா சிலபேர் குடுப்பாங்க. சிலபேர் இல்லைன்னுருவாங்க. இல்லைன்னவன் மறுநாள் அதை வேற எங்கனயாவது தள்ளி விட்ருவான். பொறவு எங்க போய்த் தேட? கேக்காம இருந்தா அது அங்கனயே இருக்கும். எங்கன இருக்குன்னு தெரிஞ்சா போதும்மா. தானா வரும்."

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அலமாரியில் இருப்பது தானாக வருவதற்கு எங்கள் வீட்டில் என்ன நடக்க வேண்டும்?

அந்தச் சமயத்தில் வீட்டில் நானும் மகளும் மட்டும். கணவர் சரக்குக் கப்பலில் இஞ்சினியர். வந்தால் மூன்று மாதம், போனால் ஏழு மாதம். நான் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் டாக்குமெண்ட் பார்க்கிறேன். மகள் ஒன்பதாம் வகுப்பு. பள்ளி பாண்டில் சைடு டிரம் வாசிக்கிறாள். தாத்தாவின் டிரம்மை இறக்கி வைத்துக்கொண்டு வீட்டில் பழகுவாள். அவள் அடிக்கும்போது அண்ணாச்சி கண்ணை மூடிக்கொள்வார். நன்றாக இருக்கிறது என்றோ இல்லை என்றோ ஒரு வார்த்தை சொன்னதில்லை. அடித்து முடித்ததும், "தோலு காஞ்சிருக்கு. நல்லது" என்பார். மேகம் போட்ட நாளானால், "இன்னைக்குத் தொளதொளன்னு இருக்கு. துணி சுத்தி வைங்க பாப்பா" என்பார். ஏழே கால் மணிக்கு எழுந்துவிடுவார்.

எதிர்வீட்டு அக்கா கேட்டைப் பிடித்துக்கொண்டு என்னிடம் சொன்னாள். "ஏளா, ஒங்க வீட்டுச் சனிக்கிழமை இன்னும் வரலியா? மணி நாலாச்சே."

"சும்மா இருங்கக்கா."

"நான் சும்மாதான் இருக்கேன். ஊரு இருக்கா? பழையகாயல்ல அந்தாளு ஒரு வருசம் போய் உக்காந்தாராம். வீட்டுக்காரன் நெஞ்சைப் புடிச்சிட்டுப் போயிட்டான். காயல்பட்டினத்துல அந்த வீட்டு வாப்பா. மணப்பாட்டுல கெழவி. நீ படிச்சவ, கணக்குப் போட்டுக்கோ."

நான் படித்தவள்தான். வயதானவர்கள் வீட்டில் பழைய பொருள் இருக்கும், வயதானவர்கள் சாவார்கள், இதில் கணக்கு ஒன்றும் இல்லை என்று அவளிடம் சொன்னேன். அன்று இரவு கப்பலுக்குப் போன் போட்டு, சாப்பிட்டீர்களா, நெஞ்சு எரிச்சல் இருக்கிறதா, மருந்து எடுத்தீர்களா என்று கணவரிடம் மூன்று தடவை கேட்டேன்.

அண்ணாச்சி வீட்டுக்கு ஒரே ஒருமுறை போயிருக்கிறோம். மகள்தான் நச்சரித்தாள். ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து நேராகப் போனோம். கடற்கரையை ஒட்டி உப்பு மூட்டை அடுக்கும் ஒரு பழைய கிட்டங்கி. அதன் மாடியில் இரண்டு நீள அறைகள். அவரும் அவருடைய அக்காவும் மட்டும். இரண்டு பேருமே கல்யாணம் செய்துகொள்ளவில்லை. முதல் அறையில் டிரம் செட்டுகள் மேல் வெள்ளைப் படுக்கை விரிப்புகள் போர்த்திக் கிடந்தன. உப்புக் காற்றுக்காக என்று அக்கா சொன்னாள். எனக்கு ஆஸ்பத்திரியின் பின்கட்டு ஞாபகம் வந்தது.

"பயப்படாதிய. எல்லாம் உசுரோடதான் இருக்கு" என்றாள் அக்கா. பிறகு தம்பியைக் காட்டி, "இவனுக்குத்தான் இன்னும் உசுரு வரலை" என்று சிரித்தாள்.

அவர் கடைசி விரிப்பை எடுத்தார். முத்து நிற செட். ஒரே செட்தான், ஆனால் ஒவ்வொன்றும் இருந்த வீட்டின் நிறம் அதில் ஏறியிருந்தது. மணப்பாட்டுக் குசினிப் புகையில் பேஸ் டிரம் தேன் நிறமாகியிருந்தது. காயல்பட்டினத்து டாம் பெட்டிக்குள்ளேயே இருந்ததால் வெள்ளை போகவில்லை. நடுவில், உட்கார்ந்து வாசிக்கிறவரின் இரண்டு முழங்கால்களுக்கு இடையில், மூன்று கால் ஸ்டாண்டு ஒன்று கைகளை விரித்துக்கொண்டு காலியாக நின்றது.

அவர் உட்கார்ந்து வாசித்தார். வலது கால் பேஸ் டிரம்மை மிதித்தது. வலது கை சிம்பலில் ஓடியது. இடது கை ஓங்கி இறங்கி, காலி ஸ்டாண்டுக்கு மேலே காற்றில் நின்றது. சத்தம் வரவேண்டிய இடத்தில் சத்தம் வரவில்லை. மறுபடி மிதி, மறுபடி ஓங்கல், மறுபடி ஒன்றுமில்லை. பத்து நிமிடம் அப்படியே வாசித்தார். ஓட்டைப் பல் வழியாக ஆள் பேசுவதைக் கேட்கிற மாதிரி இருந்தது. எனக்கு எழுந்து ஓடவேண்டும்போல இருந்தது. மகள் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஸ்கூட்டியில் திரும்பும்போது பின்னால் உட்கார்ந்திருந்தவள் என் முதுகில் ஒற்றை விரலால் தட்டிக்கொண்டே வந்தாள். அவர் விட்ட இடத்தில் மட்டும். வேறு எங்கேயும் இல்லை.

"குடுத்துரலாம்மா" என்றாள் வீட்டுக்கு வந்ததும்.

கணவரிடம் சொன்னேன். "அது எங்கப்பா கூறு" என்றார். "திரும்பி நின்னு பேரு சொல்லி விழுந்த கூறு. குடுக்கப்படாது. அந்தாளு தொந்தரவுன்னா ஏதாவது சொல்லி அனுப்பிரு."

சொல்லி அனுப்பும் நாளும் வந்தது. ஒரு சனிக்கிழமை ஆபீஸில் கப்பல் பேப்பர் ஒன்று இழுத்துக்கொண்டது. நான் தெருவுக்குள் நுழைந்தபோது மணி ஐந்தரை. தூறிக்கொண்டிருந்தது. வாசல் படியில் அவர் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார், முழங்கால்மேல் கைகளைக் கவிழ்த்து. யார் வந்தாலும் திறக்காதே என்று சொல்லியிருந்ததால் மகள் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்தாள். உள்ளே இருந்துகொண்டே டிரம்மை வாசித்துக்கொண்டிருந்தாள். நின்று நின்று, ஒவ்வோர் அடியாக. வெளியே படியில் அவருடைய வலது கால் இடைவெளிகளை மிதித்துக்கொண்டிருந்தது. கதவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஒரே செட்.

எதிர்வீட்டு அக்கா ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த சனிக்கிழமை அவர் வருவதற்கு முன்பே டிரம்மைப் பழைய சேலையில் சுற்றிப் பரணில் ஏற்றினேன். அவர் உட்கார்ந்தார். கண் அலமாரிக்கு ஏறி, அங்கேயே நின்றது.

"குடுத்தாச்சு அண்ணாச்சி" என்றேன். "கொற்கைப் பக்கம் ஒரு சபைக்கு. பாடகர் குழுவுக்கு வேணும்னாங்க. கோயிலுக்குப் பின்னால அறையில வச்சிருக்காங்களாம்."

ஏன் கொற்கை என்று எனக்கே தெரியாது. அன்று காலை ஆபீஸில் கூட வேலை பார்ப்பவர் அந்த ஊரிலிருந்து வாழைப்பழம் கொண்டுவந்திருந்தார். வாயில் வந்தது அதுதான்.

கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் ஊர்ப் பெயரை மட்டும் ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். "சரிம்மா. எங்கன இருக்குன்னு தெரிஞ்சுட்டுல்லா" என்று எழுந்து போனார். அறைக்குள்ளிருந்து மகள் என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப்போவதில்லை.

அதன் பிறகு எங்கள் சனிக்கிழமை நான்கு மணி காலியானது. இரண்டு மாதம் கழித்துப் பழைய பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். தலைமுடியெல்லாம் புழுதி.

"கொற்கையில இருந்துதான் வாரேன்மா. நல்ல சபை. வாசல்ல வேப்பமரம் நிழலு. உக்காந்திருப்பேன். மணியடிக்கிற ஆளு மோர் குடுப்பாரு. அறை பூட்டித்தான் கெடக்கு. இருக்கட்டும்."

"அவங்ககிட்ட ஒண்ணும் கேக்கலியா?"

"எதுக்கு?" என்றார். நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.

வேறு யாராக இருந்தாலும் முதல் நாளே கேட்டிருப்பார்கள், அன்றே என் பொய் வெளியாகியிருக்கும். அவர் கேட்காத மனிதர் என்பதால் மட்டுமே என் பொய் நின்றது. அப்போதே சொல்லியிருக்கலாம். என் பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

பிறகு அந்த மழை. எங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்த மழை என்றால் போதும். ஞாயிறு விடிவதற்கு முன் பிடித்தது. பத்து மணிக்கெல்லாம் தெருவில் கணுக்கால் தண்ணீர், கரண்ட் இல்லை. பதினோரு மணி இருக்கும், கேட்டின் கொக்கி ஒருமுறை சத்தம் போட்டது.

மழைக்கோட்டும் ஹெல்மெட்டுமாக அவர். மொபெட்டை நிறுத்தாமலே நின்றார். உள்ளே வரவில்லை.

"குளமெல்லாம் ஒடையிதுன்னு சொல்லுதாங்கம்மா. ஆத்துலயும் தொறந்துட்டாங்களாம். அந்தச் சபைப் பக்கம் தாழ்வு. கன்னுத்தோலு, ஒருதடவை முங்கிட்டா போச்சு." கொஞ்சம் தயங்கினார். "பின்னால ரெண்டு அறை இருக்கு. கெழக்க ஒண்ணு, மேக்க ஒண்ணு. எதுலன்னு மட்டும் சொல்லுங்க."

இத்தனை காலத்தில் டிரம்மைப் பற்றி அவர் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி அதுதான்.

எதிர்வீட்டு அக்கா குடையோடு வாசலில் நின்று எங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. ஐம்பதைத் தொடப்போகிற வயதில், சபைக்குப் போகிறவள், பொய் சொன்னேன் என்று தெருவில் நின்று எப்படிச் சொல்வது? பாதி வழியில் போலீஸ் மறித்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றும் நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன், சத்தியமாக.

"மேக்க" என்றேன். "ஆனா போகாதீய அண்ணாச்சி. ரோடு இருக்காது."

தலையை ஆட்டினார். மொபெட் திரும்பியது.

அப்போது உள்ளேயிருந்து சத்தம் வந்தது. மகள் பரணில் ஏறிவிட்டாள். ஏணியில் நின்றபடியே, சேலையை உருவிப்போட்டு, அந்த டிரம்மைப் போட்டு அடித்தாள். வாசிப்பு இல்லை அது. ஒருவரைக் கூப்பிடும் அடி. அவர் அப்போது தெரு முக்குவரைகூடப் போகவில்லை. நான் உள்ளே ஓடினேன்.

"நிறுத்துளா!"

"அவருக்குக் கேக்கட்டும்!"

நான் என் உள்ளங்கையைத் தோலின்மேல் வைத்து அமுக்கினேன். சத்தம் செத்துப்போனது. அவள் குச்சி என் புறங்கையில் இரண்டு தடவை விழுந்தது. நான் கையை எடுக்கவில்லை. மொபெட் சத்தம் மழையில் கரைகிறவரை எடுக்கவில்லை.

இரண்டு மணிக்கு எனக்கே பொறுக்காமல் போன் போட்டேன். டவர் போயிருந்தது.

மிச்சத்தை மணியடிக்கிற மனிதர் பிறகு சொன்னார். மதியம் அண்ணாச்சி வந்து சேர்ந்தபோது கோயில் வளாகத்தில் முழங்கால் தண்ணீர். மணியடிக்கிறவர் பெண்களையும் பிள்ளைகளையும் பால்கனிக்கு ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறார். அவர் மேற்கு அறையின் சாவியைக் கேட்டிருக்கிறார். "பாயும் நாற்காலியும்தான் கெடக்கு அண்ணாச்சி, டிரம்மு கிரம்மு ஒண்ணும் கெடையாது, மேல ஏறுங்க" என்று இவர் கத்தியிருக்கிறார்.

"இருக்கு. அந்தம்மா பொய் சொல்லாது" என்று சொல்லிவிட்டு அவர் பூட்டை உடைத்திருக்கிறார்.

குளம் உடைந்த தண்ணீர் வந்தது அதற்குப் பிறகுதான். மேற்கு அறையின் பின்சுவர் முழுதாகப் போய்விட்டது. நான்காம் நாள் வாழைத் தோட்டத்தில் அவரை எடுத்தார்கள்.

அடக்கத்துக்குப் போனேன். கூட்டத்தில் பின்னால் நின்றுவிட்டு வந்தேன். அடுத்த சனிக்கிழமை மகள் டிரம்மைச் சேலையோடு இடுப்பில் அணைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். "நீங்க வாரீங்களா, நான் மட்டும் போகட்டா?"

மாடி அறையில் எல்லா விரிப்புகளும் அப்படியே இருந்தன. அக்கா முத்து நிற செட்டின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மகள் சேலையைப் பிரித்து, டிரம்மை அவள் மடியில் வைத்தாள்.

"கெடச்சுட்டா?" அக்காவின் முகம் மலர்ந்தது. "அந்த வெள்ளத்துக்குள்ள இருந்து எப்படிம்மா எடுத்தீய? இதுக்காகத்தானே போனான்."

கீழே கிடந்த சேலையை எடுத்து மடிக்க ஆரம்பித்தேன்.

அவள் தோலின்மேல் விரல்களை ஓட்டினாள். விளிம்பிலிருந்து நடுவுக்கு, நடுவிலிருந்து விளிம்புக்கு. நாற்பது வருடம் தம்பியோடு உட்கார்ந்து தோல் கட்டிய விரல்கள். பிறகு டிரம்மைச் சரித்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள். நகத்தால் ஒரு சுண்டு சுண்டினாள். அடிக் கம்பிகள் சுத்தமாகச் சீறின.

"தண்ணியில கெடந்த கன்னுத்தோலு காஞ்சா அப்பளம் மாதிரி நெளிஞ்சிரும்" என்றாள், என்னைப் பார்க்காமல். "இது நெளியலியே."

கடற்காற்றில் ஒரு விரிப்பின் முனை எழுந்து விழுந்தது. மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அக்கா எழுந்து டிரம்மைக் காலி ஸ்டாண்டில் வைத்தாள். மூன்று கைகளும் அதைச் சரியாகப் பிடித்துக்கொண்டன. விரிப்பை இழுத்து மூடினாள். பிறகு எனக்கு எதிரே வந்து முதுகு சாயாமல் உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கைகளையும் முழங்கால்மேல் கவிழ்த்து வைத்துக்கொண்டாள்.

நாங்கள் கிளம்பும்போது, "அடுத்த சனிக்கிழமையும் வாங்க. சும்மா உக்காந்திருப்போம்" என்றாள்.

போய்க்கொண்டுதான் இருக்கிறேன். நான்கு மணிக்குப் போவேன். வரக்காப்பி தருவாள். சுகமா என்பாள். எதிரே உட்கார்ந்துகொள்வாள். அவள் எதையும் கேட்பதில்லை.

நாளை சனிக்கிழமை.